மார்கழியில் ஏது பட்டாம்பூச்சி

"அதோ, இன்னிக்கும் வந்துடிச்சி பாரு மாமா" என்றாள் தையல்நாயகி.

மாட்டைக் கறந்துவிட்டுப் பால் சொம்போடு தோட்டத்து வழியாக வந்துகொண்டிருந்த அரங்கநாதன் அப்படியே நின்றார். விளக்குப் போடுகிற நேரம். மார்கழிப் பனி அதற்குள் இறங்கத் தொடங்கி, ஒலக்கூர்ப் பக்கத்து வயல்களெல்லாம் மூட்டம் போட்டதுபோல் மங்கிக் கிடந்தன. பின்வாசலை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. விரல் மாமரத்தடியைக் காட்டியது.

"எது வந்துடிச்சி?"

"அந்தப் பட்டாம்பூச்சிதான். கருப்பா, கையகலம் இருக்குது. தோ, கூண்டுக்கு மேல போயி... எறங்கிடிச்சி."

அவர் பார்த்தார். கோழிக்கூண்டு இருந்தது. வேலி இருந்தது. மாமரத்தடியில் கூட்டித் தள்ளியிருந்த சருகுக் குவியல் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"மார்கழிப் பனியில ஏதுடி பட்டாம்பூச்சி? மனுசனே இழுத்துப் போத்திக்கினு கெடக்கறான்."

"அத நீ அதுங்களத்தான் கேக்கணும். என்னக் கேட்டா?"

"கண்ணாடிய எறக்கு மொதல்ல. எறக்குன்றேன்ல."

குரலை உயர்த்தித்தான் சொன்னார். ஆனால் சொம்பில் பால் தளும்பி விரலில் வழிந்தது. அதைப் படிமேல் வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் திரும்பி நின்றார். அவள் இதைச் சொல்வது முதல் தடவையில்லை. முதல்நாள் சொன்னபோது வவ்வாலாக இருக்கும் என்றார். மறுநாள் சொன்னபோது மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். இன்றைக்கு எங்கேயும் போக முடியவில்லை.

தையல்நாயகிக்கு இருந்தது ஒரே கண். இடது கண், கல்யாணமான புதிதில் கரும்பு வெட்டப் போன இடத்தில் தோகை கீறிப் போனது. அதற்கப்புறம் வலது கண்ணை வைத்தே நாற்று நட்டாள், மல்லாட்டைக் கடலை உரித்தாள், மகள் புனிதாவுக்குப் பேன் பார்த்தாள், அவளைக் கெடாரில் கட்டிக்கொடுத்தாள். அந்தக் கண்ணிலும் புரை விழுந்து, சோற்றில் கிடக்கும் கல்லைத் தடவிப் பார்த்து எடுக்கிற நிலைமைக்கு வந்த பிறகு, புனிதா போனில் அழுது சண்டை போட்டுத்தான் கார்த்திகையில் விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தது. கட்டைப் பிரித்த அன்று தையல்நாயகி அவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். "இன்னா மாமா, இப்பிடிக் கெழவனாயிட்ட" என்றாள். வார்டே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா, ஆர்த்தி என்று பேர், அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இது: "தாத்தா, நல்லா கேட்டுக்கங்க. கண்ணுக்குள்ள மின்னல் வெட்டற மாதிரி இருந்தாலும் சரி, கருப்பா பூச்சி பறக்கற மாதிரி தெரிஞ்சாலும் சரி, நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க. உடனே கூட்டிக்கினு வந்துடணும். விட்டா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது."

படித்தவர்கள் பத்து வார்த்தை சொன்னால் ஐந்தைத் தள்ளிவிட்டு மீதியைக் காதில் வாங்குவது அரங்கநாதன் வழக்கம். மூன்றாம் வகுப்போடு மாடு ஓட்டிக்கொண்டு போனவர். எழுதப் படிக்கத் தெரிந்தவன் எவனும் அவருக்கு நல்லது செய்ததாக ஞாபகம் இல்லை. டாக்டரம்மா சொன்னதிலும், தலைக்குத் தண்ணி ஊற்றக்கூடாது, குனியக்கூடாது, அடுப்புப் புகை ஆகாது என்பதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். சமையல், பாத்திரம், வெந்நீர் அடுப்பு, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து எல்லாம் அவர் தலையில் விழுந்தன. ஆனால் அந்தப் பூச்சி பேச்சை மட்டும் தள்ளிவிட முடியவில்லை. அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

பால் காய்ச்சி முடித்ததும் தினசரி காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார்.

"இதுல இன்னா போட்டுருக்குது, படி."

"எதுக்கு?"

"படின்னா படி."

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெரிய எழுத்துத் தேதியைப் படித்து, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த ராகு காலம், எமகண்டம், எந்த ராசிக்கு என்ன என்பது வரை போனாள். "உன் ராசிக்கு 'பகை'ன்னு போட்டுருக்குது. சரியாத்தான் போட்டுருக்கான்."

அவர் காலண்டரைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். தேதி தெரிந்தது. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. டியூப்லைட் மங்கலாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"காலையில ஜல்தியா கெளம்பு. விழுப்புரம் போறோம்."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு மாமா பேஜாரு? கண்ணு நல்லாத்தான தெரியுது."

"அத நீ சொல்லாத."

*

ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவளைப் பார்க்க ஊரே வந்தது. வந்த சனம் சும்மா வரவில்லை. ஆரஞ்சு, சாத்துக்குடி, பன் ரொட்டி, ஹார்லிக்ஸ் பாட்டில். எல்லாவற்றுக்கும் மேல் வாழைப்பழம். வந்தவர்கள் கண்ணைப் பார்த்தார்கள், "நல்லாத் தெரியுதா?" என்று விரலை ஆட்டிக் காட்டினார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். ஒவ்வொருவர் போன பிறகும் அரங்கநாதன் வாசலில் நின்று, இவன் எதற்கு வந்தான் என்று கணக்குப் போட்டார். வேங்கடேசன் வந்தது கிழக்கு மூலை நிலத்தைக் குத்தகைக்குக் கேட்க. பால் சொசைட்டிக்காரன் வந்தது அடுத்த தேர்தலுக்கு. யாரும் மனசறிந்து வந்ததாக அவருக்குத் தோன்றவில்லை. பழத்தைத் தொடவும் இல்லை.

அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காதது அம்மணி வந்ததுதான். செத்துப்போன அண்ணன் பெண்சாதி. வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. கூட்டுக் கிணற்றில் அவருடைய முறையில் அவள் மோட்டார் போட்டுவிட்டாள் என்று ஒரு கோடையில் தொடங்கியது சண்டை. போட்டாளா இல்லையா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. கரண்ட்டுக்காரன் லைன் மாற்றிய நாள் அது, கரண்டே இல்லை என்று அவள் சொன்னாள், அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. அண்ணன் சாவுக்கு மட்டும் போய்க் கொள்ளிவைத்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பினார். அப்படிப்பட்டவள் பெரிய பெரிய சீப்பாகப் பூவன் வாழைப்பழத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேலி சந்தில் நுழைந்து வந்தாள். அவர் மாட்டுப்பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே இரண்டு பெண்களும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு என்னவோ பேசி அழுவது கேட்டது. அம்மணி போகும்போது அவர் முதுகிடம், "கண்ணுக்குத் தண்ணி படாம பாத்துக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அத நீ தின்னாத. வயித்துக்கு ஆவாது" என்றார் தையல்நாயகியிடம்.

"பழம் இன்னா பண்ணிச்சி உன்ன?"

அவருக்குத் தெரியாமல் ஒன்றிரண்டு தின்றிருப்பாள். மீதி தோல் கறுத்து, தேன்போலக் கசிந்து, வீடெல்லாம் புளித்த வாசம் வந்த பிறகு, அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய் மாமரத்தடிச் சருகுக் குவியலில் கொட்டினார். மாட்டுக்கு வைத்திருக்கலாம். அம்மணி கொடுத்ததை மாடு தின்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

*

திண்டிவனத்தில் பஸ் மாறி விழுப்புரம் போய்ச் சேரும்வரை பனி விலகவில்லை. பஸ் லைட்டைப் போட்டுக்கொண்டே ஓடியது. ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியட்டும் என்று பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளில் சாய்ந்து அவள் தூங்கியே போனாள். அவருக்கு உட்கார்ந்த இடம் கொதித்தது. சாமியிடம்கூட எதையும் கேட்டு வைத்துக்கொள்ளப் பிரியப்படாத ஆள் அவர். அன்றைக்கு, மயிலம் முருகா, என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். அதற்கு மேல் என்ன தருகிறேன் என்று பேரம் பேச வாய் வரவில்லை.

டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டு, இருட்டு அறையில் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். மேலே பாருங்க, கீழே பாருங்க, எம் காதப் பாருங்க. அரங்கநாதன் கதவோரம் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, அந்தப் பூச்சி எப்பத் தெரியுது?"

"வெளக்கு வெக்கற நேரத்துல."

"வெள்ளச் சுவத்தப் பாத்தாத் தெரியுதா?"

"சுவத்துல எதுக்குத் தெரியணும்? எங்க தோட்டத்துலதான் தெரியுது."

"நீங்க கண்ணத் திருப்பினா அதுவும் கூடவே திரும்புதா?"

தையல்நாயகிக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எதுக்கும்மா எங்கூடத் திரும்பணும்? அது பாட்டுக்குப் பறக்குது, எறங்கி உக்காருது, அப்பால காணாமப் போயிடுது. அதுக்கு வேற வேல இல்லியா?"

டாக்டரம்மா சிரித்தபடி விளக்கைக் கழற்றினாள். "தாத்தா, கண்ணு சுத்தமா இருக்குது. பின்னாடி நரம்பெல்லாம் நல்லா இருக்குது. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. அவங்க பாக்கறது நெஜப் பூச்சி."

"மார்கழியில ஏதும்மா நெஜப் பூச்சி?"

"அது எனக்குத் தெரியாது தாத்தா. நான் கண்ணு டாக்டரு." அப்புறம் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "வந்ததுதான் வந்தீங்க, உங்க கண்ணையும் ஒருக்கா பாத்துடலாமா?"

"எனக்கு இன்னா? நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்கு. வெயில் வந்துவிட்டிருந்தது. விரிந்த கண்ணுக்குக் கூசும் என்று கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தும் அவள் வாய் ஓயவில்லை. கடை போர்டுகளை எழுத்துக் கூட்டினாள். தூரத்துக் கரும்புக் கொல்லையில் யாரோ சிவப்புப் புடவையில் நிற்பதைக் காட்டினாள். ஏரிக்கரையில் கொக்கு என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். அவருக்குச் சிவப்பும் தெரியவில்லை, கொக்கும் தெரியவில்லை. மனசு வேறெங்கோ கிடந்தது. கெட்டுப்போனதைக் கெட்டுப்போச்சு என்று எந்த டாக்டர் வாயால் சொல்வான்? சிரித்துச் சமாளிக்கிறாளோ அந்தப் பெண்? இன்னும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போகவேண்டுமோ? புனிதாவிடம் எப்படிச் சொல்வது? விக்கிரவாண்டி வரும்போது தையல்நாயகி அவர் முழங்கையை இடித்தாள்.

"இன்னா மாமா, பேச்சே காணோம்? டாக்டரம்மாதான் நல்லாருக்குதுன்னு சொல்லிட்டாங்களே."

"சொன்னாங்க."

"நீ நம்பல."

அவர் டிக்கெட்டை மடித்து மடித்துச் சுருட்டினார்.

"என்னியாவது நம்பறியா?"

கண்டக்டர் சில்லறை கேட்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

*

வீடு வந்து, மாட்டைப் பிடித்துக் கட்டி, வைக்கோல் போட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்தது. அலைச்சலில் அவள் உடம்பு விண்ணென்று வலிக்கிறது என்றாள். வெந்நீர் போட்டுக் கழுத்துக்குக் கீழே ஊற்றிவிடலாம் என்று அடுப்பு மூட்டச் சருகு அள்ள மாமரத்தடிக்குப் போனார் அரங்கநாதன். தீப்பெட்டி இடுப்பில் இருந்தது. பனி கால் விரலில் ஏறியது. புளித்த பழ வாசம் மூக்கில் அடித்தது. கறுத்துக் குழைந்து கிடந்த அந்த வாழைப்பழங்களைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. மேலாகக் காய்ந்ததாகப் பார்த்து ஒரு கை சருகை அள்ளினார்.

சருகு பறந்தது.

காற்று இல்லை. மாமரத்தில் ஒரு இலை அசையவில்லை. கையில் அகப்பட்ட சருகில் பாதி கையிலேயே இருந்தது, மீதி எழுந்து அவர் முகத்துக்கு நேரே படபடவென்று பறந்து, கோழிக்கூண்டுக்கு மேலே போயிற்று. அவர் கையை உதறிப் பின்னால் நகர்ந்தார். கால் பட்ட இடத்திலிருந்து இன்னும் இரண்டு எழுந்தன. பழத்தோலை ஒட்டிக் கிடந்த சருகுகள் ஒவ்வொன்றாக எழுந்து, தாழ்வாக, குடித்துவிட்டு நடப்பவனைப்போல் இப்படியும் அப்படியும் சாய்ந்து பறந்து, மறுபடி இறங்கின. இறங்கியதுமே சருகாகிப்போயின. அரங்கநாதன் மண்டி போட்டார். முகத்தைக் குவியலுக்குப் பக்கத்தில், பழத்தின் ஈரம் தாடியில் படுகிற அளவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். காய்ந்த மாவிலை நிறம். நடுவில் இலைக்கு ஓடுவதுபோலவே ஒரு நரம்புக் கோடு. ஓரத்தில் பூஞ்சணம் பிடித்ததுபோல் புள்ளி. அது இலைதான் என்று சத்தியம் செய்யலாம். ஆனால் அதற்கு மயிர்போல் கால்கள் இருந்தன. ஒரு சுருள் நாக்கை நீட்டி, கசிந்த பழச்சாற்றில் வைத்து நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"ஏ தையலு!"

குரல் போன போக்கில் அவள் பதறிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். "இன்னா, பாம்பா?"

"சருகு... உசுரோட எழுந்து போவுதுடி."

அவள் படியிலேயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இத்தினி நாளா அதத்தான சொல்லிக்கினு இருக்கறேன். இன்னாமோ எங் கண்ணுல பூந்துக்கினு பறக்கறமாரி விழுப்புரத்துக்கு இழுத்துக்கினு போன."

அவர் எழுந்திருக்கவில்லை. அப்போ கண்ணு நல்லா இருக்குது. டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. அத்தனை தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, விளக்குப் போடுகிற மங்கலில், சருகுக்குள் எது சருகு எது உயிர் என்று பார்க்கிற கண்ணு அது. அந்தக் கண்ணைத்தான் இத்தனை நாள் சந்தேகப்பட்டோம். முருகா, என்றார். இந்தத் தடவையும் அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா, அழுவறியா?"

"பொகைடி."

"அடுப்பே இன்னும் பத்த வெக்கல."

அவர் தீப்பெட்டியை எடுத்துப் பார்த்தார். மறுபடி இடுப்பிலேயே சொருகிக்கொண்டார். "இன்னிக்கு வெந்நி கெடையாது. இதுல எப்பிடி நெருப்பு வெக்கறது?"

"அப்ப எனக்கு ஒடம்பு வலி?"

"தைலம் தேச்சி வுடறேன் வா."

*

மறுநாள் பழங்களில் தோல்தான் மிச்சம் இருந்தது. எறும்பு ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம் தீர்த்துவிட்டிருந்தன. மத்தியானம் முழுக்க அரங்கநாதன் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோழியை விரட்டினார். சருகை மிதிக்காமல் நடந்தார். வெயில் இறங்கியதும் வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டு தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கம் அம்மணி முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, யாரோ மாட்டைத் தேடி வந்ததுபோல் மறுபடி குனிந்துகொண்டாள்.

"அந்த வாழப்பழம்" என்றார் அவர். "எந்தக் கொல்லையோடது?"

முறம் நின்றது. "ஏன்? புழு கிழு இருந்துச்சா?"

"இல்ல."

"புளிச்சிருந்துச்சா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன? எங் கொல்லைதுதான். மோட்டாரு தண்ணி பாஞ்ச மரம்" என்றாள் அம்மணி. அவள் வாய் அப்படித்தான்.

அவர் அதை விழுங்கிக்கொண்டார். சரியாகத்தான் சொல்கிறாள் என்றுகூடத் தோன்றியது. வேலிக் கழியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அது உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல்.

"கனிஞ்சது ரெண்டு இருந்தாக் குடு அண்ணி."

அந்த வார்த்தை அவருக்கே காதில் புதிதாக விழுந்தது. அம்மணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எத்தனையோ கேட்கலாம் அவள். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வரும்போது ஒரு முழுச் சீப்பைத் தூக்கிக்கொண்டு, வேலி சந்தில் நுழைந்து இந்தப் பக்கமே வந்துவிட்டாள்.

மூன்று பேரும் பின்வாசலில் இருந்தார்கள். தையல்நாயகிக்கு நாற்காலி. அம்மணிக்குக் கவிழ்த்துப்போட்ட குந்தாணி உரல். அரங்கநாதன் பழத்தைத் தோலோடு பிய்த்துச் சருகுமேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். பனி இறங்கியது. மாடு கறவைக்கு நேரமாகிவிட்டது என்று கத்தியது.

"வந்துடிச்சி" என்றாள் தையல்நாயகி.

"எங்க?"

"கூண்டுக்கு இந்தாண்ட. கீழயே வருது பாரு. அக்கா, உனக்குத் தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. அம்மாடி, எம்மாம் பெருசு!"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பனியும் இருட்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அடுத்த தடவை சொட்டு மருந்துக்குப் போகும்போது அந்த டாக்டரம்மாவிடம் தன் கண்ணையும் காட்டித் தொலைக்கவேண்டும் என்று நினைத்தார்.

"மாமா, அசையாத" என்றாள் தையல்நாயகி மெதுவாக.

"ஏன்?"

"உம் மேலதான் உக்காந்துருக்குது. துண்டுல. இடது தோளுக்கிட்ட."

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கழுத்தை மட்டும் திருப்பினார். தோளில் ஒரு சருகு ஒட்டியிருந்தது. யாராயிருந்தாலும் தட்டிவிட்டிருப்பார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல ஒரு தடவை விரிந்தது. உள்ளே செம்மண் நிறத்தில் கரை கட்டி, நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், வட்டத்துக்குள் பளிச்சென்று வெள்ளைப் பொட்டு. அது அவரையே பார்ப்பதுபோல் இருந்தது. மாடு மறுபடி கத்தியது. பனியில் கால் மரத்துப்போக, பழம் ஒட்டிய கை பிசுபிசுக்க, அரங்கநாதன் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.